இரத்தம் கண்ணாடியைத் தொட்டறியும்

போன கிழமை கலைவாணி வீட்டுக்கு வந்திருந்தாள். வவுனியாவில் ஆய்வுகூட வேலை. நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய வருடம் என்னிடம் வேலை பழகிய பிள்ளை; இப்போது அவளுக்கே தலை நரைத்துவிட்டது. கைபேசியை என் மூக்கடியில் நீட்டி ஒரு படம் காட்டினாள். ஒரு தட்டு. அதன் அடியில், மயிரை ஆயிரமாகக் கிழித்தாலும் வராத அளவுக்கு நுண்ணிய வரிப்பள்ளங்களாம். அதில் விட்ட உயிர்க்கலங்கள் எல்லாம் வாய்க்காலோடு போகும் தண்ணீர் மாதிரி அந்த வரிகளோடு நீண்டு படுத்திருந்தன. பக்கத்துப் படத்தில் வழவழப்பான தட்டு. அதில் கலங்கள் கண்டபாட்டுக்குக் கிடந்தன.

“சேர், கலத்துக்குக் கண்ணுமில்லை, காதுமில்லை. ஆனா தனக்குக் கீழ கிடக்கிறது என்ன மாதிரித் தரையெண்டு அதுக்குத் தெரியுது. இதுக்கு இப்ப நானோ எண்டு பேர். உங்கட காலத்தில இதெல்லாம் ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காது, என்ன?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. எண்பத்தேழு வயதிலும் இந்தக் குணம் போகவில்லை.

“பேர்தான் தெரியாது பிள்ளை. விஷயம் தெரியும். அது தெரியாமல் ஒரு மனுசியைச் சாகவிடப் பார்த்தனான். தெரிஞ்ச பிறகு காப்பாத்தினனான்” என்றேன்.

“அப்ப எழுதித் தாங்கோ சேர். எங்கட லாப்பில வாசிச்சுக் காட்டுறன்.”

எழுதுகிறேன். கிழவன் பெருமை அடிக்கிறான் என்று யாராவது சொன்னால் சொல்லட்டும். இது பெருமைதான்.

நான் வடமராட்சிக்காரன். எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டுக் கொழும்பில் ஒன்றரை வருடம் ஆய்வுகூடப் படிப்பு. அதில் மலேரியாக் கிருமி எப்படியிருக்கும், கொழும்புச் சாப்பாடு எப்படியிருக்கும் என்று இரண்டைக் கற்றுக்கொண்டேன். இரண்டும் ஆளைப் படுக்கையில் போடும். முதல் நியமனமே வன்னி. இரணைமடு வாய்க்கால் பாயும் பக்கம், ரயில் நின்று போகும் ஒரு சின்ன ஊர், அங்கே ஓர் அரசாங்க ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். பிழை என்னுடையது, ஆஸ்பத்திரியை ஏன் சந்திக்கு இழுக்கவேண்டும்.

ஐம்பதுகளின் கடைசி அது. குடியேற்றத் திட்டக் காணிகளுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து சனம் வந்து, காடு வெட்டி வயலாக்கிக்கொண்டிருந்த காலம். காட்டை வெட்டினால் பாம்பு எங்கே போகும்? வயலுக்குத்தான் வரும். மலேரியா குறையக் குறையப் பாம்புக்கடி கூடியது. அதிலும் புடையன். கண்ணாடி விரியன் என்று புத்தகம் சொல்வது எங்களுக்குப் புடையன். நாகம் படமெடுத்து ஒரு சொல் சொல்லிவிட்டுக் கடிக்கும். புடையன் வைக்கோலுக்குள் வைக்கோலாகக் கிடக்கும். அதன் விஷம் ஏறினால் இரத்தம் உறையும் குணத்தை இழந்துவிடும். பிறகு பல் முரசால், மூக்கால், சிறுநீரோடு என்று இரத்தம் போய்க்கொண்டேயிருக்கும்.

எங்கள் பெரிய டொக்டர் அருமைநாயகம். மெலிந்த ஆள். வெள்ளைக் காற்சட்டை, கையில் எந்நேரமும் ஒரு பென்சில். குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் அவரிடம் ஒரு கேள்வி இருந்தது, அதைக் கேட்டுக் கேட்டே மனிதனை வாட்டிவிடுவார். “இந்த ஆளுக்கு ரத்தம் குறைவு சேர்” என்று சொன்னால், “எதோடை ஒப்பிட்டுச் சொல்லுறீர், ஐசே?” என்பார். “இண்டைக்கு வெய்யில் கூட” என்றாலும் அதே கேள்வி. ஒரு நாள் தேத்தண்ணீர் சரியில்லை என்று வாய்தவறிச் சொல்லி, நேற்றையதோடு ஒப்பிட்டு என்று நானே விளக்கமும் கொடுக்கவேண்டி வந்தது. முடிவுகளை முதலில் பென்சிலால்தான் பதிவார். இரண்டாம் முறை சோதித்து அதே முடிவு வந்தால் மட்டும் பேனையால் மேலே எழுதுவார். புதிதாக எது வந்தாலும், மருந்தோ மையோ கண்ணாடியோ, பழையதோடு வைத்து ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பாவிக்கவேண்டும். இது சட்டம்.

பாம்புக்கடிச் சோதனையை நாங்கள் செய்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு வருவது விளங்கும். கடிபட்டவரின் கையில் இரண்டு மில்லிலீற்றர் இரத்தம் எடுத்து, சுத்தமான உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விடவேண்டும். மேசையில் நிறுத்திவிட்டு இருபது நிமிடம் அதைத் தொடக்கூடாது. ஆட்டக்கூடாது, சரிக்கக்கூடாது, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கக்கூடாது. உறவுக்காரர் வாசலில் நின்று “உறைஞ்சுதோ, உறைஞ்சுதோ” என்பார்கள்; சிலர் கையையும் நீட்டுவார்கள். நான் நாய் மாதிரிக் குரைப்பேன். இருபது நிமிடம் முடிந்ததும் மெல்லச் சரிக்கவேண்டும். நல்ல இரத்தம் தயிராக உறைந்திருக்கும், குழாயைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. விஷம் ஏறியது தண்ணீராக ஓடும். ஓடினால் விஷமுறிவு ஊசி. உறைந்தால் பொறுத்துப் பார்க்கலாம். அந்த ஊசி மருந்து குதிரை இரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு ஒவ்வாமல் அதுவே மூச்சை அடைக்கும். அதோடு, அது கையில் போதியளவு இருந்த நாள் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

சுத்தம் என்று சொன்னேனே, அந்தச் சுத்தம் புஷ்பம் அக்காவின் கையில் இருந்தது. ஆஸ்பத்திரித் தொழிலாளி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், வாயும் பத்து வயது மூத்தது. சாம்பல் போட்டுத் தேய்க்கக் கூடாது, சவர்க்காரம் கிட்டவும் வரக்கூடாது, கொதிநீரில் போட்டெடுத்து, மழைத்தண்ணீரில் மூன்று தரம் அலசி, கம்பிச் சட்டத்தில் கவிழ்த்து வெயிலில் வைக்கவேண்டும் என்று நான் ஒவ்வொரு நாளும் ஓதுவேன்.

“தம்பி, கோயில் செம்பைக்கூட நான் இப்பிடிக் கழுவுறேல்லை. கும்பிட்டுட்டுக் கழுவட்டோ, கழுவிப்போட்டுக் கும்பிடட்டோ?” என்று கேட்பார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மாரியில் கறையான் எங்கள் அலுமாரியைத் தின்றது. வெளியே பூச்சு அப்படியே இருக்க, உள்ளே பலகை மாவாகிவிட்டது. ஒரு காலை கதவைத் திறந்தேன். மேல்தட்டு கீழ்த்தட்டில் விழுந்து, அது அடுத்ததில் விழுந்து, கண்ணாடிக் குழாய் எல்லாம் நொறுங்கியது. மூன்று மிஞ்சின. கொழும்புக்கு எழுதினோம். வந்ததும் அனுப்புவோம் என்று பதில் வந்தது. கடுதாசிதான் வந்தது.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. பெனிசிலின் மருந்து தூளாக வரும் சின்னக் கண்ணாடிப் போத்தல் அந்தக் காலத்தில் எல்லா நோயாளர் வாட்டிலும் வெறுமையாகக் குவிந்து கிடக்கும். வன்னியில் அதை யாரும் எறிவதில்லை. மூடியில் துளை போட்டுத் திரி விட்டால் மண்ணெண்ணெய் விளக்கு. மூக்குப்பொடி வைக்கலாம், ஊசி நூல் வைக்கலாம். இரத்தம் விட்டுப் பார்த்தால் என்ன? டொக்டரிடம் சொன்னேன்.

“எதோடை ஒப்பிட்டுப் பார்த்தீர்?”

என் இரத்தத்தையே எடுத்து, மிஞ்சிய குழாய் ஒன்றிலும் போத்தல் ஒன்றிலும் விட்டுக் காட்டினேன். இரண்டும் ஒரே நேரத்தில் உறைந்தன. டொக்டர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டினால் மற்றவர் மாலை போட்ட மாதிரி. மூன்று குழாய்களையும் பஞ்சில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். ஏழு மாதம் போத்தல்களிலேயே சோதனை பார்த்தோம். பக்கத்து ஆஸ்பத்திரிக்காரர் வந்து பார்த்து மெச்சிவிட்டுப் போனார்கள். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

ஆவணியில் பெனிசிலின் புதுக் கட்டு ஒன்று வந்தது. அதே அளவுப் போத்தல், அதே இறப்பர் மூடி. மேலே இருந்த தகரத்தின் நிறம்தான் வேறு. வெறுமையானதும் புஷ்பம் அக்கா கழுவிக் கொண்டுவந்தார்.

“தம்பி, இது நல்ல சாதிப் போத்தல். தண்ணி ஒட்டுதேயில்லை. ஒருக்கா உதறினால் காய்ஞ்சுபோகுது.”

“நீங்கள் கழுவுற கழுவல் அப்பிடி அக்கா” என்றேன், பெரிய மனிதன் மாதிரி. புதியது எதையும் ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும் என்ற சட்டம் நினைவுக்கு வந்தது, வராமலில்லை. போத்தல் போத்தல்தானே என்று விட்டுவிட்டேன். கெடுகுடி சொற்கேளாது என்பார்கள். நான் சொல்லைக் கேட்டேன், கேட்டுச் சிரித்தேன்.

சிறுபோக அறுவடை நடந்துகொண்டிருந்தது. சோளகக் காற்று புழுதியை வாரி இறைத்தது. தர்மபுரத்துத் தங்கராசா முதல் நாள் காலை கதிர்க்கட்டைத் தூக்கும்போது காலில் கடிபட்டு வந்திருந்தார். அடித்த பாம்பையும் சாக்கில் கொண்டுவந்தார்கள், சந்தேகமில்லாத புடையன். பழைய போத்தலில் அவருடைய இரத்தம் தண்ணீராக ஓடியது. டொக்டர் ஊசி போட்டார். பின்னேரமும் ஓடியது. இன்னொரு முறை போட்டார். அதோடு பழைய போத்தல்கள் தீர்ந்தன. வாய் ஒடுங்கியது என்பதால், இரத்தம் விட்ட போத்தலைத் திரும்பக் கழுவிப் பாவிப்பதில்லை. வாட்டுப் பெண்கள் பாதியை விளக்காக்கிவிட்டார்கள். அடுத்த நாள் காலை ஏழரைக்கு அவருடைய இரத்தத்தைப் புதுப் போத்தலில் விட்டேன். இருபது நிமிடம் கழித்துச் சரித்தேன். ஓடியது.

டொக்டர் போத்தலையும் பார்த்தார், கட்டிலில் இருந்த தங்கராசாவையும் பார்த்தார். மனிதர் கஞ்சி குடித்துவிட்டு, வெட்டின நெல் வயலில் கிடக்குது, எப்ப துண்டு வெட்டி வீட்டை விடுவியள் என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

“ஆள் நல்லாயிருக்கிறார். ரத்தம் மட்டும் மோசமாயிருக்கு” என்றார் டொக்டர், தனக்குத்தானே சொல்வது போல. அலுமாரியில் ஓர் ஆளுக்குப் போதுமான மருந்துதான் மிச்சம். வேறு ஆஸ்பத்திரிக்கு ரெலிபோன் பண்ணியதில், பின்னேர ரயிலில்தான் அனுப்பமுடியும் என்றார்கள். இருப்பதைத் தங்கராசாவுக்குப் போடலாம் என்று தாதியிடம் எடுத்துவைக்கச் சொன்னார்.

அந்த நேரம் வாசலில் ஒரு கருவாட்டு லொறி வந்து நின்றது. முல்லைத்தீவுப் பக்கத்து வியாபாரி இஸ்மாயில், மனைவி கதீஜாவைத் தூக்கிக்கொண்டு இறங்கினார். விடியவெளிச்சத்தில் விறகு எடுக்கக் குனிந்தபோது கையில் ஏதோ கொத்தியதாம். பாம்பைக் காணவில்லை. புறங்கையில் சின்னதாக இரண்டு புள்ளி. வீக்கம் பெரிதாக இல்லை. ஆனால் கண்ணிமை பாரமாக விழுந்து விழுந்து எழும்பியது, நாக்குப் புரளவில்லை. நாகம் கடித்தாலும் இப்படி வரும், எங்கள் பக்கத்துப் புடையன் கடித்தாலும் வரும்.

“சின்னப் பிள்ளையள் மூண்டு, டொக்டர் ஐயா” என்றார் இஸ்மாயில்.

கதீஜாவின் இரத்தத்தைப் புதுப் போத்தலில் விட்டேன். இருபது நிமிடம். ஓடியது.

இரண்டு போத்தலும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இரண்டிலும் இரத்தம் தண்ணீர். மருந்து ஓர் ஆளுக்கு. ஒருவரைக் கடித்தது புடையன்தான் என்பதற்குச் சாக்கில் சாட்சி கிடந்தது. மற்றவரைக் கடித்தது எதுவென்று கடவுளுக்குத்தான் தெரியும். சாட்சி உள்ள பக்கம் தீர்ப்புப் போவது நியாயம்தான். தாதி மருந்தை எடுத்துக்கொண்டு தங்கராசாவின் கட்டிலைப் பார்த்துத் திரும்பினார்.

“ரெண்டு பேரின்ரையும் உறையேல்லை சேர்” என்றேன்.

டொக்டர் பென்சிலைத் தூக்கினார். எழுதவில்லை.

“எதோடை ஒப்பிட்டுச் சொல்லுறீர்?”

கதீஜாவின் போத்தலை எடுத்து இன்னொரு முறை சரித்தேன். இரத்தம் ஓடி மற்றப் பக்கம் போனது. அது போன சுவர் வெள்ளையாக, துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. கண்ணாடியில் இரத்தம் ஓடினால் சிவப்பாக ஒரு படலம் பின்னால் இழுபடும். ஆயிரம் தரம் பார்த்திருக்கிறேன். இங்கே ஒரு துளிகூட ஒட்டவில்லை. தண்ணி ஒட்டுதேயில்லை தம்பி என்று புஷ்பம் அக்கா சொன்னது காதில் அறைந்தது. வெட்கத்தில் அப்படி வேர்த்தது என் வாழ்நாளில் அந்த ஒரு முறைதான்.

வெறும் புதுப் போத்தல் ஒன்றை எடுத்து ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சேம்பிலையில் விழுந்த மழைத்துளி மாதிரி அது உருண்டு திரண்டு உள்ளே ஓடித் திரிந்தது.

“சேர், இது புதுப் போத்தல். நான் ஒப்பிட்டுப் பார்க்கேல்லை. பிழை என்ர.”

அவர் ஏசுவார் என்று நின்றேன். அவர் என் சட்டைக் கையை மேலே மடித்தார்.

“பழைய ரியூப் எத்தினை இருக்கு?”

“மூண்டு.”

“கொண்டுவாரும்.”

தாதியைப் பார்த்து, “மருந்தைக் கையில வைச்சுக்கொண்டு இருபது நிமிஷம் நில்லுங்கோ. ஒருத்தருக்கும் போடவேண்டாம்” என்றார். இஸ்மாயில் என்ன நடக்கிறதென்று விளங்காமல் டொக்டருடைய கையைப் பிடித்தார். “இருபது நிமிஷம் தாங்கோ. ஆளை மாறிப் போட்டால் ரெண்டு பேரையும் இழப்பம்” என்றார் டொக்டர். பதறாத காரியம் சிதறாது என்பதைச் சொல்லுவது சுகம். மூன்று பிள்ளைகளின் தகப்பன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது அதன்படி நடக்க டொக்டர் அருமைநாயகத்தின் நெஞ்சு வேண்டும்.

என் இரத்தத்தை அவரே எடுத்தார். பாதியைப் புதுப் போத்தலிலும் பாதியைப் பழைய கண்ணாடிக் குழாயிலும் விட்டார். தங்கராசாவினது ஒரு குழாயில், கதீஜாவினது ஒரு குழாயில். நாலையும் வரிசையாக வைத்து மணியைப் பார்த்தோம். தங்கராசா “என்ன நடக்குதெண்டு எனக்கும் சொன்னால் என்ன” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பாம்பு கடிக்கவில்லை. ஆனால் கடிபட்டவன் மாதிரித்தான் நின்றேன். பிழை போத்தலில் இல்லாமல் வேறெங்காவது இருந்தால், இந்த இருபது நிமிடம் நான் இரண்டு பேரிடமும் களவெடுத்த இருபது நிமிடம்.

மணி முடிந்தது. என்னுடைய குழாயைச் சரித்தேன். உறைந்திருந்தது. என்னுடைய போத்தலைச் சரித்தேன். ஓடியது! பாம்பு கடிக்காத, காலையில் இடியப்பம் தின்ற, நல்ல சுகதேகியான என்னுடைய இரத்தம் அந்தப் போத்தலில் புடையன் கடித்தவனின் இரத்தம் மாதிரி ஓடியது. வெட்கம் எல்லாம் போய் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தங்கராசாவின் குழாய் கல்லாக உறைந்திருந்தது. மனிதர் நேற்று இரண்டாவது ஊசியோடேயே தப்பிவிட்டார்.

கடைசியாகக் கதீஜாவின் குழாய். அது ஓடியது. நல்ல கண்ணாடியில், எந்தப் பொய்யும் இல்லாத கண்ணாடியில், தண்ணீராக ஓடியது.

“அவாவுக்கு” என்றார் டொக்டர். தாதி ஏற்கெனவே அங்கே நின்றார். ஊசி ஏறத் தொடங்கும்போதுதான் கதீஜாவின் முரசிலிருந்து மெல்லிய கோடாக இரத்தம் கசியத் தொடங்கியது. இஸ்மாயில் அதைத் தன் சால்வையால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். டொக்டர் என் பக்கம் திரும்பி, “நீர் செய்த பிழையையும், அதைப் பிடிச்ச விதத்தையும் எழுதும். பக்கத்து ஆஸ்பத்திரியெல்லாத்துக்கும் அனுப்பவேணும். அவங்களும் உம்மைப் பார்த்துத்தானே போத்தலுக்கு மாறினவங்கள்” என்றார். அதைவிட அவர் ஏசியிருக்கலாம்.

இனி ஆறு மணித்தியாலம் காத்திருக்கவேண்டும். மருந்து விஷத்தை முறித்து, உடம்பு திரும்பவும் உறையும் சத்தைச் செய்ய அவ்வளவு நேரம் பிடிக்கும். புஷ்பம் அக்கா மூன்று குழாய்களையும் கழுவி வெயிலில் வைத்தார். சும்மா இருந்தால் எனக்கு விசர் பிடித்துவிடும் என்று நுணுக்குக்காட்டிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டேன்.

இரண்டு கண்ணாடித் தட்டு எடுத்தேன். ஒன்று சுத்தமானது. மற்றதில் மெழுகை உருக்கி மெல்லியதாகப் பூசினேன். விரலைக் குத்தி இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு இரத்தம். கலங்களை உடம்புச் சூட்டில் வைத்துப் பார்க்கப் பெரிய ஆய்வுகூடங்களில் தனிக் கருவி உண்டு. எனக்கு ஆவணி வெயிலே போதும். சுத்தமான கண்ணாடியில், வெண்குழியம் என்ற வெள்ளைக் கலம் ஒன்று உருண்டு வந்து தரையைத் தொட்டது. தொட்ட இடத்தில் நின்றது. பிறகு ஒரு கால் நீட்டியது. தடவிப் பார்த்தது. இன்னொரு கால். கொஞ்சம் கொஞ்சமாகப் பரந்து படுத்து, நடக்கவே தொடங்கிவிட்டது. அதைவிடச் சின்ன, இரத்தத்தை உறையவைக்கும் குருதிச் சிறுதட்டுகள் உருண்டை வடிவத்தை விட்டு நட்சத்திரம் மாதிரி விரிந்து ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன. மெழுகுத் தட்டில் பார்த்தேன். அங்கே பெரும்பாலானவை உருண்டையாகவே மிதந்து திரிந்தன. தொட்டன, பிடிக்கவில்லை, விலகிப் போயின.

நான் இவ்வளவு நாளும் கண்ணாடியை இரத்தம் ஊற்றும் பாத்திரமென்று நினைத்திருந்தேன். இரத்தம் அந்தச் சுவரைத் தடவிப் பார்த்துத்தான் உறைவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. எங்கள் சோதனையில் பாதி வேலையைச் செய்வது கண்ணாடிதான். கண்ணால் பார்த்தால் இரண்டு போத்தலும் ஒன்று. தொட்டுப் பார்த்தாலும் ஒன்று. கலத்துக்கு மட்டும் வித்தியாசம் தெரிகிறது. புஷ்பம் அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஒற்றைக் கண்ணை மூடி நெடுநேரம் பார்த்தார்.

“என்ன தம்பி, இதுவும் காலடி வைக்கிறதுக்கு முதல் தடவிப் பாக்குதே. உங்களைவிடப் புத்தி” என்றார்.

போத்தலின் மர்மம் சில கிழமைகளுக்குப் பிறகு ஒரு மருந்துக் கம்பனி ஆள் வந்தபோது அவிழ்ந்தது. மருந்து சுவரில் ஒட்டி வீணாகாமல் கடைசித் துளிவரை வடிந்து வரவேண்டும் என்று, உள்ளே சிலிக்கோன் என்ற ஒன்றைக் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சாகப் பூசியிருக்கிறார்கள். கொதிக்கவைத்தாலும் போகாது. யாரோ எங்கேயோ நல்லதுக்குச் செய்த காரியம். நான் எழுதிய கடிதம் அதற்கு முன்பே சுற்றுவட்டார ஆஸ்பத்திரிகளுக்குப் போய்விட்டது. இரண்டு இடத்திலிருந்து, தாங்களும் அதே போத்தலைப் பாவிக்கத் தொடங்கியிருந்ததாகவும், எடுத்து எறிந்துவிட்டதாகவும் பதில் வந்தது. அந்தப் பதில்களை டொக்டர் என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

அந்தப் பின்னேரத்துக்கு வருகிறேன். நாலு மணியளவில் ரயில் வந்து, மருந்துப் பெட்டியும் வந்துவிட்டது. கதீஜாவின் முரசில் கசிவு நின்றிருந்தது. ஆனால் நின்றது என்று கண் சொல்வதை நம்ப எனக்கு அன்று மனமில்லை. வெயிலில் காய்ந்த பழைய குழாய்களில் ஒன்றில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, அது பரவி ஒட்டுவதைப் பார்த்து, பிறகுதான் இரண்டாவது குழாயில் கதீஜாவின் இரத்தத்தை விட்டேன். என்னுடையதை மூன்றாவதில் விட்டேன். இருபது நிமிடம். இஸ்மாயில் என்னோடு மேசைக்கு முன்னால் நின்றார். காலையிலிருந்து அவர் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. கையை நீட்டவில்லை, கேட்கவுமில்லை. உதடு மட்டும் ஓதிக்கொண்டிருந்தது.

மணி ஆனது. டொக்டர் வந்தார். “சரியும்” என்றார்.

என்னுடையதைச் சரித்தேன். உறைந்திருந்தது. கதீஜாவினதைச் சரித்தேன். அசையவில்லை. இன்னும் சரித்தேன். அசையவில்லை. முழுதாகத் தலைகீழாகக் கவிழ்த்தேன். ஒரு துளி விழவில்லை.

டொக்டர் பென்சிலைப் பைக்குள் வைத்துவிட்டுப் பேனையை எடுத்தார்.

“என்ன தம்பி? என்ன சொல்லுது?” என்றார் இஸ்மாயில்.

“உறைஞ்சிட்டுது, அண்ணை. உங்கட வீட்டுக்காரி தப்பிட்டா.”

அவருக்கு விளங்கவில்லைப் போலிருந்தது. குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார். “ஒருக்கா நிமித்திப்போட்டுத் திரும்பக் கவிழ்த்துங்கோ” என்றார். நிமிர்த்திக் கவிழ்த்தேன். விழவில்லை. “இன்னொருக்கா.” கவிழ்த்தேன். அவருடைய கண்ணிலிருந்து தண்ணீர் தாடிக்குள் இறங்கியது. குழாயைத் தொட்டவனை எல்லாம் குரைத்துத் துரத்திய நான் அதைத் தூக்கிக்கொண்டு வாட்டுக்குள் போனேன். ஒவ்வொரு கட்டிலுக்கும் முன்னால் கவிழ்த்துக் காட்டினேன். தங்கராசா காலை நொண்டி நொண்டி வந்து பார்த்துவிட்டு, “அப்ப என்ர மருந்திலதான் இந்தப் பிள்ளை எழும்பினது, என்ன?” என்று கேட்டுத் தானே கைதட்டினார். புஷ்பம் அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

கடைசியாகக் கதீஜாவின் கட்டிலடியில் நின்று கவிழ்த்தேன். இஸ்மாயில் பின்னால் நின்று இன்னொருக்கா, இன்னொருக்கா என்றார். பாதி திறந்த இமைக்குள்ளால் கதீஜா என் கையைப் பார்த்தார். காலையில் புரளாத நாக்கு மெல்லப் புரண்டது.

“காணும், போதும் விடுங்கோ. தம்பிக்குக் கை நோகும்” என்றார்.

எனக்குக் கை நோகவேயில்லை. இன்னும் ஒரு முறை கவிழ்த்தேன்.